இலை வேகவைத்த ஊர்

2019 ஜனவரி மாதம். ஜொகூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடம். இரவு எட்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது. பசார் மாலாமில் வாங்கிய இரண்டு கட்டு முருங்கைக்கீரையை உருவிக் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் போட்டு, ஹாட் பிளேட்டில் வேகவைத்துக்கொண்டிருந்தேன். கூடம் முழுக்கக் கீரை வாசம். கதவைத் திறந்து எட்டிப்பார்த்த நண்பன் கேட்டான்: "டேய், என்னடா, ரசமா? சோறு இருக்கா?"

ரசம் இல்லை. அது என் இறுதியாண்டு ஆய்வு. முருங்கை இலைச் சாற்றைக் கொண்டு துத்தநாக ஆக்சைடு நானோதுகள்களைச் சுற்றுச்சூழலுக்கு உகந்த முறையில் தயாரிப்பது என்று தலைப்பு. நானோமீட்டர் என்றால் ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் தோராயமாக 80,000 நானோமீட்டர். அந்த அளவுக்குச் சிறிய வெள்ளைப் பொடியைக் கீரைத் தண்ணியை வைத்துச் செய்கிறேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மா சிரித்தார். பாட்டி சிரிக்கவில்லை. "இலைய வேகவச்சு இறுக்குறதா? கத்தக்காம்பு அப்படித்தானே செய்வாங்க," என்றார்.

பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் அந்தப் பழுப்புக் கட்டியைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நாக்கில் வைத்தால் வாயே சுருங்கிப்போகும். அது என்ன, எங்கிருந்து வந்தது என்று அதுவரை யோசித்ததில்லை. பாட்டி சொன்ன ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தேடப் போனதில், நான் படித்துக்கொண்டிருந்த மாநிலத்தின் வரலாறே இலை வேகவைத்த வரலாறு என்று தெரிந்தது.

*

கத்தக்காம்பை மலாயில் காம்பிர் என்பார்கள். ஆங்கிலேயர் கேம்பியர் என்றார்கள். கொடி போலப் படரும் ஒரு புதர்ச்செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் சீனத் தோட்டக்காரர்கள் இதை மிளகோடு சேர்த்துப் பயிரிட்டார்கள். சில பத்தாண்டுகளில் அங்கே மண் சத்திழந்தது, காடும் குறைந்தது. அடுத்து அவர்கள் பார்வை நீரிணைக்கு வடக்கே திரும்பியது.

ஜொகூரை அப்போது ஆண்ட தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம் அவர்களுக்கு ஆற்றங்கரைகளைத் திறந்துவிட்டார். அதற்கான உரிமப் பத்திரத்தின் பெயர் 'சூராட் சுங்கை', அதாவது ஆற்றுக் கடிதம். பத்திரம் வாங்கிய தலைவன் 'காங்சூ'. அவன் ஆற்றங்கரையில் அமைக்கும் குடியிருப்பு 'காங்கார்'. மிகப் பழைய ஆற்றுக் கடிதங்களில் ஒன்று 1844 அக்டோபரில் ஸ்கூடாய் ஆற்றுக்குத் தரப்பட்டது. இன்று ஸ்கூடாய் என்றால் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது நெடுஞ்சாலை நெரிசலும் பல்கலைக்கழகமும்தான். பக்கத்திலேயே காங்கார் பூலாய் என்ற பெயர் இன்னும் பலகையில் இருக்கிறது. எல்லை தாண்டினால் சிங்கப்பூரின் சுவா சூ காங், லிம் சூ காங். எம்ஆர்டியில் அந்த நிலையப் பெயரைக் கேட்கும்போது யாரும் கத்தக்காம்பை நினைப்பதில்லை.

தயாரிப்பு முறை எளிது. இலையையும் இளங்குருத்தையும் பறித்து, பெரிய இரும்பு வாணலியில் மணிக்கணக்காக வேகவைப்பார்கள். சாறு சுண்டிப் பாகாகும். அதைத் தொட்டியில் ஊற்றி மரக்கட்டையால் கிளறக் கிளற இறுகும். பிறகு கட்டிகளாக அறுத்து உலர்த்துவார்கள். வெற்றிலைக்குப் போனது கொஞ்சம்தான். ஐரோப்பாவின் தோல் பதனிடும் தொழிலுக்கும் சாயத்துக்கும் போனதே பெரும்பங்கு. உலகச் சந்தையில் ஜொகூர் கேம்பியருக்குத் தனி இடம் இருந்தது. ஜொகூர் மாநிலச் சின்னத்தைக் கவனித்துப் பாருங்கள்: இரண்டு புலிகளின் காலடியில் கேம்பியர் இலையும் மிளகும் இருக்கும். தினமும் அரசாங்கக் கடிதத்தில் பார்க்கிறோம், இலை என்ன இலை என்று கேட்பதில்லை.

என்னை உறுத்திய தகவல் இனிமேல்தான் வருகிறது. அந்த வாணலிகளுக்கு அடியில் எரிந்தது காடு. ஒரு ஏக்கர் கேம்பியருக்கு ஏறக்குறைய இன்னொரு ஏக்கர் காடு விறகாகவே போனது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 15, 20 வருடத்தில் மண் களைத்துவிடும். தோட்டக்காரன் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஆற்றுக்குப் போவான். விடப்பட்ட நிலத்தில் லாலாங் புல் மண்டும். 1917இல் காங்சூ முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டபோது ஜொகூர் ரப்பருக்கு மாறிவிட்டிருந்தது. குளுவாங் பக்கம் ஒரு தோட்ட லயத்துக்கு என் தாத்தாவின் அப்பா வந்து சேர்ந்தது அந்த ரப்பருக்காகத்தான்.

வேகவைத்தது இலை, கரைத்தது தண்ணீர், கிடைத்தது வெற்றிலையோடு மெல்லக்கூடிய பொருள். இன்றைய ஆய்வுக் கட்டுரைகளின் மொழியில் சொன்னால் முழுக்க முழுக்கப் 'பசுமை' முறை. ஆனால் ஆற்றங்கரைக் காடுகள் போய்விட்டன.

*

கத்தக்காம்பின் துவர்ப்புக்குக் காரணம் டானின்கள், கேட்டசின் என்ற பாலிஃபீனால்கள். கேட்டசின் என்ற பெயரே நாம் காசுக்கட்டி என்று சொல்லும் 'கேட்டச்சு'விலிருந்து வந்தது. தேயிலையிலும் இவை உண்டு. முருங்கை, வேம்பு, கொய்யா இலைகளில் வேறு வகைப் பாலிஃபீனால்கள் உண்டு. நானோ வேதியியல் இந்த இலைகளைத் தேடி வந்ததற்குக் காரணம் இவைதான்.

கதையை 1857இல் தொடங்கலாம். மைக்கேல் ஃபாரடே லண்டனில் தங்க உப்புக் கரைசலைப் பாஸ்பரஸைக் கொண்டு ஒடுக்கி, ரூபி சிவப்பில் ஒரு திரவம் செய்தார். தங்கம் மிக நுண்ணிய துகளாகப் பிரிந்திருப்பதால்தான் சிவப்பு என்று அவர் சரியாக ஊகித்தார். 1951இல் டுர்கெவிச்சும் சகாக்களும் பாஸ்பரஸுக்குப் பதில் சிட்ரேட்டைப் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். எலுமிச்சை அமிலத்தின் உப்பு அது. இன்றும் மாணவர்கள் தங்க நானோதுகள் செய்யக் கற்றுக்கொள்வது அந்த முறையில்தான்.

1998இல் பால் அனஸ்டஸும் ஜான் வார்னரும் பசுமை வேதியியலின் பன்னிரண்டு கொள்கைகளை எழுதினார்கள். குப்பையை அப்புறம் சுத்தம் செய்யாதே, முதலிலேயே உண்டாக்காதே என்பது முதல் கொள்கை. ஆற்றலைச் சிக்கனமாகச் செலவழி என்பதும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. அதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2002இல் அமெரிக்காவின் எல் பாசோவில் கார்டியா-டோரஸ்டே குழு, தங்கம் கலந்த ஊடகத்தில் குதிரைமசால் செடியை வளர்த்து, உயிருள்ள செடிக்குள்ளேயே தங்க நானோதுகள்கள் உருவாவதைக் காட்டியது. அடுத்த வருடமே புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு இன்னும் எளிமையாக்கியது. செடியை வளர்க்கவே வேண்டாம், இலையை வேகவைத்துச் சாற்றை ஊற்றினால் போதும். 2003இல் ஜெரேனியம் இலை. 2004இல் வேப்பிலை. அதே 2004இல் எலுமிச்சைப்புல். நம்ம ஊர் செராய்தான். செராய்ச் சாற்றில் தங்கம் முக்கோணத் தகடுகளாக வளர்ந்ததை 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழில் வெளியிட்டார்கள்.

அதற்குப் பிறகு அடைமழை. சமையலறையிலும் தோட்டத்திலும் இருக்கும் எல்லா இலையும் கட்டுரையானது. தங்கம், வெள்ளியிலிருந்து உலோக ஆக்சைடுகளுக்குத் தாவினார்கள். 2011இல் கோயம்புத்தூர், உடுமலைப்பேட்டை ஆய்வாளர்கள் சோற்றுக்கற்றாழைச் சாற்றில் துத்தநாக ஆக்சைடு செய்த கட்டுரை வந்தது. 2013இல் மலேசிய புத்ரா பல்கலைக்கழகக் குழு பழுப்புக் கடற்பாசிச் சாற்றில் சராசரியாக 18 நானோமீட்டர் அளவுள்ள இரும்பு ஆக்சைடு செய்தது. எங்கள் துறையிலேயே வருடத்துக்கு ஒருத்தராவது ஏதாவது ஒரு இலையோடு நிற்பார். எனக்கு முருங்கை கிடைத்தது.

எதற்கு இத்தனை ஆர்வம்? துத்தநாக ஆக்சைடு சன்ஸ்கிரீனில் இருக்கிறது, ரப்பரைப் பதப்படுத்தும்போது சேர்க்கிறார்கள், புற ஊதா ஒளி பட்டால் சாயக்கழிவைச் சிதைக்கும். தேவை உண்மையானது. இன்னொரு காரணமும் உண்டு: செலவு குறைவு. விலையுயர்ந்த கருவி இல்லாத கல்லூரியிலும் ஒரு கட்டு கீரையும் ஒரு அடுப்பும் கிடைக்கும். தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் இந்தத் துறை இவ்வளவு பரவியதில் இதற்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

*

இப்போது என் தவறைச் சொல்லவேண்டும்.

செய்முறை இது. இலைச்சாற்றில் துத்தநாக நைட்ரேட்டைக் கரைத்து, பசை போல ஆகும்வரை சூடாக்கு. பசையைப் பீங்கான் குடுவையில் போட்டு 400 டிகிரி உலையில் இரண்டு மணி நேரம் வை. வெளியே எடுத்தால் வெள்ளைப்பொடி. எக்ஸ்ரேயில் பார்த்தால் துத்தநாக ஆக்சைடின் உச்சிகள் அச்சாக வரும். அறிக்கையில் எல்லாரும் எழுதுவதுபோல நானும் எழுதினேன்: "இலையிலுள்ள பாலிஃபீனால்கள் துத்தநாக அயனியை ஒடுக்குகின்றன."

ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டம் செய்துகொண்டிருந்த அக்கா கேட்டார். "தம்பி, இலை போடாம ஒண்ணு செஞ்சு பாத்தியா?"

பார்க்கவில்லை. செய்தேன். வெறும் தண்ணீரில் துத்தநாக நைட்ரேட், அதே சூடு, அதே உலை. வெளியே வந்தது வெள்ளைப்பொடி. எக்ஸ்ரேயில் அதே உச்சிகள், அதே இடங்களில். இலை போட்ட பொடியில் உச்சிகள் கொஞ்சம் அகலமாக இருந்தன, அதாவது துகள்கள் சிறியவை. வித்தியாசம் அவ்வளவுதான்.

வெள்ளியின் கதை வேறு, துத்தநாகத்தின் கதை வேறு. வெள்ளி அயனிக்கு எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஆசை அதிகம். அதன் திட்ட மின்னழுத்தம் +0.80 வோல்ட். இலையின் பாலிஃபீனால் கொடுத்தால் உடனே வாங்கிக்கொண்டு வெள்ளி உலோகமாகிவிடும். துத்தநாகத்துக்கு அது −0.76 வோல்ட். தண்ணீரில் கரைந்திருக்கும் துத்தநாகத்தை உலோகமாக்க எந்தக் கீரையாலும் முடியாது. ஆக்சைடு செய்ய அதை ஒடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. துத்தநாகம் நைட்ரேட்டில் எந்த நிலையில் இருந்ததோ ஆக்சைடிலும் அதே நிலையில்தான் இருக்கிறது. நைட்ரேட்டைச் சிதைத்து ஆக்சைடு ஆக்கியது உலையின் சூடு. இலை செய்தது வேறு வேலை. உலோக அயனிகளைப் பிடித்துவைத்து ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளி நிறுத்தியது, உலையில் தானே எரிந்து எரிபொருளானது. இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1988இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கிங்ஸ்லியும் பாட்டீலும் உலோக நைட்ரேட்டையும் யூரியாவையும் கலந்து 500 டிகிரி உலையில் வைத்து, சில நிமிடங்களில் நுண்ணிய அலுமினா செய்தார்கள். யூரியா அங்கே எரிபொருள். என் முருங்கையும் கிட்டத்தட்ட அந்த யூரியாவின் இடத்தில் இருந்தது.

நைட்ரேட் சிதையும்போது பழுப்பு நிறப் புகை வரும். நைட்ரஜன் டை ஆக்சைடு, மூச்சுக்குக் கெடுதல். புகைபோக்கிக் கூண்டு இழுத்துக்கொண்டதால் எனக்குத் தெரியவில்லை. அறிக்கையின் தலைப்பில் 'சுற்றுச்சூழலுக்கு உகந்த' என்று எழுதியிருந்தேன்.

இலை போடாத அந்தப் பரிசோதனையை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை. யாரும் சேர்க்காதே என்று சொல்லவில்லை. சமர்ப்பிக்க இரண்டு வாரம் இருந்தது, சேர்த்தால் விளக்கம் முழுவதையும் மாற்றி எழுதவேண்டும். மாற்றவில்லை. நல்ல மதிப்பெண் வந்தது.

இதே மாதிரி ஒரு கதை பெரிய அளவிலும் நடந்திருக்கிறது என்பதைப் பிறகு படித்தேன். 2009இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விஞ்ஞானி ராஜேந்தர் வர்மாவும் சகாக்களும் தேயிலைச் சாற்றையும் இரும்பு உப்பையும் கலந்து இரும்பு நானோதுகள் கிடைத்ததாக எழுதினார்கள். நிலத்தடி நீரைச் சுத்தம் செய்ய மலிவான வழி என்று உலகம் முழுக்கப் பின்பற்றினார்கள். 2013, 2014இல் வேறு குழுக்கள் யூகலிப்டஸ் இலையிலும் தேயிலையிலும் அதே மாதிரி செய்து கூர்ந்து ஆராய்ந்தன. கிடைத்தது பெரும்பாலும் இரும்பு உலோகமே இல்லை, இரும்பும் பாலிஃபீனாலும் பிணைந்த கறுப்புச் சேர்மம். 2014 ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: அந்தப் பொருள் நீர்வாழ் உயிர்களுக்கு நல்ல நஞ்சு.

இரும்பும் பாலிஃபீனாலும் சேர்ந்த கறுப்புச் சேர்மம் நமக்குப் புதிதா? கடுக்காயை ஊறவைத்த நீரில் அன்னபேதியைப் போட்டால் என்ன வரும்? மை. நம் ஊரில் ஒரு காலத்தில் எழுதிய கறுப்பு மை. கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் கடுக்காயும் இரும்பும் சந்திக்கிற இடத்தில்தான். மைக் கூட்டித் தெரிந்த ஒரு கணக்கப்பிள்ளை அந்தக் குடுவையைப் பார்த்திருந்தால் ஒரே பார்வையில் அடையாளம் சொல்லியிருப்பார்.

*

இந்த இடத்தில் வாட்ஸ்அப் மாமாக்கள் ஒரு கேள்வியோடு வருவார்கள். "அப்போ நம்ம சித்தர்கள் அந்தக் காலத்துலயே நானோ செஞ்சிட்டாங்கல்ல?"

சித்த மருத்துவத்தில் நாக பற்பம் உண்டு. சித்த மரபில் நாகம் என்றால் துத்தநாகம். (ஆயுர்வேதத்தில் அதே சொல் ஈயத்தைக் குறிக்கும். பெயரை நம்பி மருந்து சாப்பிடுபவர்கள் கவனிக்க.) உலோகத்தை மூலிகைச் சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டி, புடம் போட்டுப் பற்பமாக்குவார்கள். சாறு, உலோகம், நெருப்பு. என் செய்முறையில் இருந்த அதே மூன்று. 2009இல் ஐஐடி மும்பை ஆய்வாளர்கள் ஆயுர்வேதத்தின் ஜசத பஸ்மத்தை ஆராய்ந்து, அதில் நானோ அளவுத் துத்தநாக ஆக்சைடு துகள்கள் இருப்பதைக் காட்டினார்கள்.

பெருமைப்பட விஷயம் இருக்கிறது. ஆனால் நானோ துகள் விளக்குக் கரியிலும் உண்டு, விளக்கேற்றிய எல்லாரும் நானோ விஞ்ஞானி ஆகிவிட மாட்டார்கள். புடம் போட்டவர்களிடம் இருந்தது வேறு மாதிரி அறிவு. பற்பம் தண்ணீரில் மிதக்கிறதா, விரல் ரேகைக்குள் புகுகிறதா என்று சோதிக்கும் வழக்கம் இருந்தது. தாங்கள் செய்ததைத் தங்களால் முடிந்த அளவுக்குச் சோதித்துப் பார்த்தார்கள். எக்ஸ்ரே கருவி பக்கத்து அறையில் இருந்தும் ஒரு பரிசோதனையை மறைத்த எனக்கு, அவர்கள் பெயரைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ள என்ன தகுதி இருக்கிறது?

*

நான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்த அதே 2019 மார்ச்சில், பாசீர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். மார்ச் 7ஆம் தேதி பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத்திணறி வாந்தி எடுத்தார்கள். அடுத்த வாரம் பாசீர் கூடாங்கில் 111 பள்ளிகளை மூடினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். எங்கள் உறவினர் வீட்டுப் பிள்ளைகளைக் கொஞ்சநாள் எங்கள் வீட்டில் வைத்திருந்தோம். சின்னவன் முகக்கவசத்தைக் கழற்றவே மாட்டேன் என்றான்.

அந்த வாரம் என் மேசையில் வடிகட்டிய மிச்சத் தண்ணீர் ஒரு குடுவையில் இருந்தது. பச்சையாக, கீரைத் தண்ணி மாதிரியே. 'இது வெறும் இலைதானே' என்று அதற்கு முன் இரண்டு முறை சிங்க்கில் ஊற்றியிருக்கிறேன். அதில் கரைந்த துத்தநாகம் இருந்தது. 2007இல் வந்த ஓர் ஆய்வின்படி, நன்னீர்ப் பாசியின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்க லிட்டருக்குச் சுமார் 60 மைக்ரோகிராம் துத்தநாகம் போதும். நானோ பொடியாகப் போட்டாலும், பெரிய பொடியாகப் போட்டாலும், உப்பாகப் போட்டாலும் பாசிக்கு ஒரே கதைதான்; கரைந்து வரும் துத்தநாகமே கொல்கிறது. என் குடுவையில் இருந்ததை ஒப்பிட்டால் அது எவ்வளவு சின்ன எண் என்று அன்றுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது குடுவை கழிவுப் புட்டிக்குப் போனது. முதல் இரண்டு போனது போனதுதான்.

என் குடுவையையும் கிம் கிம்மையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அங்கே நடந்தது குற்றம். எனக்கு உறைத்தது என் தலைப்பில் இருந்த அந்த வார்த்தைதான். இலை என்ற சொல்லைக் கேட்டதும் நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன். எவ்வளவு சூடு, எங்கிருந்து வந்த மின்சாரம், புகை எங்கே போகிறது, மிச்சத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கவில்லை. 1844இல் ஸ்கூடாய் ஆற்றங்கரையில் வாணலி வைத்தவர்கள் விறகுக் கணக்கையாவது வைத்திருந்தார்கள், தீர்ந்தால் இடம் மாறவேண்டும் என்பதற்காக.

இந்தத் துறையே ஏமாற்று என்று நான் சொல்லவரவில்லை. இலைச்சாறு துகளின் அளவையும் வடிவத்தையும் மாற்றுகிறது, அது மெய். நச்சுத்தன்மை உள்ள பரப்புப்பொருள்கள் சிலவற்றைத் தவிர்க்க உதவுகிறது, அதுவும் மெய். வெள்ளியிலும் தங்கத்திலும் இலை உண்மையாகவே வேதிவேலை செய்கிறது. மேற்கு சுமத்ராவின் அண்டாலாஸ் பல்கலைக்கழகத்தில் கத்தக்காம்புச் சாற்றைக் கொண்டே வெள்ளி நானோதுகள் செய்திருக்கிறார்கள். பாட்டியிடம் சொன்னபோது, "அதுல சுண்ணாம்பு சேத்தாங்களா?" என்று கேட்டார்.

இப்போது நான் ஒரு தொழிற்சாலையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். போன மாதம் சித்தி மகள் போன் செய்தாள். இறுதியாண்டு. கொய்யா இலை, துத்தநாக ஆக்சைடு.

"அண்ணா, உங்க ரிப்போர்ட்ட அனுப்ப முடியுமா? ஃபார்மட் பாக்கத்தான்."

"அனுப்புறேன். ஆனா அதுல ஒரு பரிசோதனை இல்ல. நீ இலை போடாம ஒண்ணு செய்யணும்."

"அது எதுக்கு? அதுலயும் அதே பொடிதான் வரும்னா என் ப்ராஜெக்ட் போச்சே."

"போகாது. இலை என்ன செய்யுதுன்னு அப்பத்தான் உனக்குத் தெரியும். வந்தத அப்படியே எழுது."

சரி என்றாள், அரைமனசாக. போன வெள்ளிக்கிழமை ஒரு படம் அனுப்பினாள். உலைக்குப் பக்கத்தில் இரண்டு பீங்கான் குடுவைகள். ஒன்றில் மார்க்கரால் 'இலை' என்றும் மற்றதில் 'இலை இல்லை' என்றும் எழுதியிருந்தாள். இரண்டிலும் வெள்ளைப்பொடி.